பெயர் நீக்கிய நாள்

போன மாதம் ரேஷன் கார்டிலிருந்து அப்பாவின் பெயரை எடுப்பதற்காக ஸ்ரீரங்கத்தில் ஒரு இ-சேவை மையத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். இறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்துவிட்டு, திரையைக் கொஞ்சம் என் பக்கம் திருப்பினாள். "காரணம் எதுன்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்கம்மா. அப்புறம் தப்பாயிடுச்சுன்னு அலைய வேண்டாம்" என்றாள். பெயர் நீக்கக் காரணம் என்று ஒரு கட்டம். அதைத் தொட்டதும் கீழே ஒரு பட்டியல் விரிந்தது. இறப்பு, திருமணம், வேறு அட்டைக்கு மாற்றம் என்று வரிசையாக இருந்தன. நான் இறப்பைக் காட்டினேன். அவள் அதைத் தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தப் பட்டியலை விட்டு மனசு நகரவில்லை.

ஒரு பெயரை எடுப்பதற்கு இத்தனை காரணம் இருக்கலாம் என்று இருபது வயதில் எனக்குத் தோன்றியிருந்தால், எங்கள் வீட்டில் நாற்பது வருஷம் நடந்த ஒரு காரியம் நடந்திருக்காது. நான் செய்த தப்பு அது. அதை இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு ஜவுளி மொத்த வியாபாரியிடம் டைப்பிஸ்ட். கடைக்கு மேலே ஒரு சின்ன அறை. கீழேயிருந்து புது வேட்டியின் கஞ்சி வாசனை படியேறி வரும். அறைக்குள் கார்பன் பேப்பர் வாசனை. இரண்டும் கலந்த ஒரு நெடி என் தாவணியிலேயே தங்கிவிட்டது. டைப்ரைட்டிங்கில் ஆங்கிலம் ஹையர் தேறியிருந்தேன். சூரத்துக்கும் பம்பாய்க்கும் 'தங்கள் கடிதம் கிடைத்தது' என்று நாளைக்கு இருபது கடிதம் அடிப்பதால் இங்கிலீஷைக் கரைத்துக் குடித்துவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைத் தட்டிக் கேட்க எங்கள் வீட்டில் ஆளில்லை. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரும்பில் ஒரு நூல் வித்தியாசம் இருந்தால் விரலாலேயே கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தால், "பாப்பா வரட்டும்" என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அந்த வருஷம்தான் அப்பாயி போனாள். அப்பாவைப் பெற்றவள். பேச்சு குறைவு, பிடிவாதம் அதிகம். அவளுடைய பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, அப்பா அவளுடைய தகரப்பெட்டியைத் திறந்தார். பாச்சை உருண்டை வாசனை குப்பென்று வந்தது. இன்றைக்கும் எங்காவது அந்த வாசனை வந்தால் எனக்கு அந்தக் காகிதம்தான் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நாலு புடவை, ஒரு சுருக்குப்பை, அதற்கடியில் ஒரு அட்டைப்பெட்டி. பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். தாத்தாவின் பதக்கங்கள். நட்சத்திர வடிவத்தில் ஒன்று, வட்டமாக இரண்டு. அதற்கும் அடியில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாது.

தாத்தாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். தொட்டியம் பக்கம் வாழைத்தார் ஏற்றிப்போகும் லாரியில் கிளீனராகச் சேர்ந்து டிரைவர் ஆனவர். உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது பட்டாளத்தில் டிரைவர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். போய்விட்டார். அப்பாவுக்கு அப்போது மூன்று வயது. பர்மா எல்லையில் லாரி ஓட்டுவதாகக் கொஞ்ச நாள் கடிதாசி வந்தது. மாசாமாசம் மணியார்டரும் வந்தது. பிறகு இரண்டும் நின்றுவிட்டன. போர் முடிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். இவர் வரவில்லை. அப்பா ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் தபாலில் ஒரு பார்சல் வந்தது. உள்ளே மூன்று பதக்கங்கள், கடிதம் எதுவும் இல்லை. ஆள் செத்துப்போனால்தான் பதக்கத்தை வீட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஊரே சொன்னது. அப்பாவும் அப்படித்தான் நம்பினார்.

அப்பாயி மட்டும் நம்பவில்லை. கடைசி வரைக்கும் தாலியைக் கழற்றவில்லை, குங்குமத்தை விடவில்லை. கல்யாண வீட்டில் குங்குமத் தட்டு எடுத்து வருகிற பெண், எல்லாருக்கும் நீட்டிக்கொண்டே வந்து, அப்பாயிக்கு முன்னால் வந்ததும் ஒரு நொடி நிற்பாள். நீட்டுவதா, தாண்டிப் போவதா என்று தெரியாமல் அவள் முழிப்பதைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். அப்பாயி அவளுக்குச் சிரமம் வைக்க மாட்டாள். தானே கையை நீட்டி எடுத்து வைத்துக்கொள்வாள். போரில் போனவர்களின் மனைவிக்குப் பென்ஷன் உண்டு, ஒரு கைநாட்டு வைத்தால் போதும் என்று மணியக்காரர் சொல்லிப் பார்த்தாராம். "செத்துட்டாருன்னு நான் கைநாட்டு வெக்கணுமா?" என்று கேட்டுவிட்டு வாழைக்கொல்லைக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டாளாம். அப்பாவை அப்படித்தான் வளர்த்தாள்.

அப்பாவின் பாடு வேறு மாதிரி. மகாளய அமாவாசைக்கு ஒர்க்‌ஷாப்பில் லீவு போட்டுவிட்டு, வேலைக்குப் போகிறேன் என்று அப்பாயியிடம் பொய் சொல்லிவிட்டு, காவிரிக்கரையில் அம்மா மண்டபத்துக்குப் போய்த் தன் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வருவார். செத்த நாள் தெரியாதவர்களுக்கு அந்த அமாவாசைதான் கதி. ஒவ்வொரு தடவையும் சாஸ்திரிகள் கேட்பார், "தகப்பனார் போன திதி என்ன?" என்று. "தெரியலைங்க சாமி" என்று அப்பா குரலைத் தாழ்த்திச் சொல்வாராம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். பெற்ற தகப்பன் செத்த நாள் தெரியாதவன் என்ற அவமானம் அவரைக் கடைசி வரை தின்றது. மற்றவர்கள் வீட்டில் வருஷ திதி என்று இலை போட்டால், அப்பா ஏதாவது வேலை இருக்கிறதென்று சொல்லி எழுந்து வந்துவிடுவார்.

அப்பேர்ப்பட்டவர் கையில்தான் அந்தத் தாள் கிடைத்தது. என்னிடம் நீட்டினார். "பாப்பா, என்ன எழுதியிருக்குன்னு நிதானமாப் பாரு."

நான் நிதானமாகப் பார்க்கவில்லை. படைப்பிரிவின் பெயர், தாத்தாவின் எண், பெயர், டிரைவர் என்ற பதவி. எல்லாம் டைப் அடித்திருந்தது. அடித்தவர் என்னை விட மோசமான டைப்பிஸ்ட் என்று வேறு ஒரு கர்வம் வந்தது எனக்கு. கீழே ஒரே ஒரு வரி. இன்னார் இந்தத் தேதி முதல் பிரிவின் ஆள்கணக்கிலிருந்து நீக்கப்பட்டார். அவ்வளவுதான்.

"தாத்தா பேரை எடுத்துட்டாங்கப்பா. தேதி போட்டிருக்கு."

"எடுத்துட்டாங்கன்னா?"

"அப்பாயி பேரை ரேஷன் கார்டுலேருந்து எடுத்தோம்ல? அந்த மாதிரிதான்."

அதற்கு முந்தின வாரம்தான் அப்பாவும் நானும் கார்டை எடுத்துக்கொண்டு போய் அவள் பெயரின் மேல் கோடு போட்டு வாங்கி வந்திருந்தோம். கோடு என்றால் சாவு என்பது அந்த வாரம் எனக்கு மிகவும் தெளிவாகத் தெரிந்த விஷயமாக இருந்தது. தாளின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு எழுத்தும் ஒரு எண்ணும் மங்கலாக எழுதியிருந்தன. அப்பா அதையும் விடவில்லை. ஃபிட்டர் இல்லையா, ஓரத்தைத்தான் முதலில் பார்ப்பார். "இது என்னம்மா?" என்றார். "அது அவங்க ஃபைல் நம்பர்ப்பா" என்றேன். எங்கள் ஆபீஸில் ஃபைல் நம்பரைப் பென்சிலில்தான் எழுதுவோம். உலகத்தில் இருக்கிற ஆபீஸ் எல்லாம் எங்கள் ஜவுளிக்கடை மாடி என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். நாற்பத்தைந்து வயது மனிதர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. துக்கம் மட்டும் என்று சொல்ல முடியாது. "தேதி கெடைச்சிருச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அடுக்களையிலிருந்து அம்மா ஓடிவந்து என்னவோ ஏதோ என்று கேட்டாள். நான் பெருமையாக விளக்கிச் சொன்னேன்.

மறுநாளே இரண்டு பேரும் அம்மா மண்டபத்துக்குப் போனோம். படித்துறையில் ஈர வேட்டிகளும் நசுங்கிய வாழையிலைகளும் எள்ளும் மிதிபட்டுக் கிடந்தன. சாஸ்திரிகள் என் கையிலிருந்த தாளை வாங்கவில்லை. தேதியை மட்டும் சொல்லச் சொன்னார். "ஆங்கிலத் தேதி இருக்கோன்னோ, போறும். திதியை நான் பாத்துச் சொல்றேன்" என்றார். அவர் வீட்டில் பழைய பஞ்சாங்கங்களை வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தார். ஒரு வாரம் கழித்துச் சொன்னார், ஆவணி மாதம், தேய்பிறை தசமி என்று. அப்பா அதை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கி, நாலைந்து நாள் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். ஒர்க்‌ஷாப்பில் கூட வேலை செய்பவர்களிடம், "அடுத்த மாசம் எங்கப்பாவுக்குத் திதி வருது, லீவு வேணும்" என்று, கேட்காதவர்களிடமும் சொன்னார். அப்படிச் சொல்ல முடிந்ததே அவருக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் வெள்ளிக்கிழமை. கூடத்தில் அப்பாயியின் போட்டோ மாட்டியிருந்தோம். சுமங்கலியாகப் போனவள் என்று அம்மா வெள்ளிதோறும் கண்ணாடியின் மேல் நெற்றியில் குங்குமம் வைப்பாள். அன்றைக்கு அப்பா ஒரு ஈரத்துணியை எடுத்துவந்து, ஸ்டூல் போட்டு ஏறி, அந்தக் குங்குமத்தைத் துடைத்தார். துடைத்துவிட்டு விபூதி இட்டார். அம்மா குங்குமச்சிமிழை மூடிச் சாமி மாடத்தில் வைத்தாள். "தெரியாம செஞ்சது வேற, தெரிஞ்சும் செய்யக் கூடாதில்ல" என்றார் அப்பா. நான் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன். ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது என்பதுதான் என் கவலை.

அதற்கப்புறம் நாற்பது வருஷம் அப்பா ஒரு ஆவணி தசமியைக்கூட விடவில்லை. காவிரியில் தண்ணீர் இல்லாமல் மணல் தெரிந்த வருஷங்களில் குழாயடியில் குளித்துவிட்டுக் கொடுத்தார். மூட்டுவலி வந்த பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கொடுத்தார். பெரிய கடைவீதியில் கொடுத்து மூன்று பதக்கங்களையும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து மாட்டினார். எனக்குக் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். அம்மா போன பிறகு அப்பாவும் என்னோடு வந்துவிட்டார். சட்டமும் அப்பாயி போட்டோவும் கூடவே வந்தன.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவுக்கு ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் குடிவந்தார். ராணுவத்தில் ஆவணப் பிரிவில் எழுத்தராக இருந்தவர். எங்கள் வீட்டுக் கரண்டு பில் அவர் வீட்டில் விழுந்துவிட்டதென்று கொடுக்க வந்தவர், வாசலில் நின்றபடியே சுவரைப் பார்த்தார். "யாரும்மா மாட்டினது? வரிசை மாறியிருக்கு. ஸ்டார்தான் முதல்ல வரணும்" என்றார். உள்ளே வரச் சொல்லிக் காபி கொடுத்தேன். "இதுல பேர் வெட்டியிருக்கா?" என்றார். இல்லை என்றேன். அப்பா சின்ன வயதில் மூன்றையும் திருப்பித் திருப்பிப் பெயரைத் தேடியதாகச் சொல்வார். "அந்தப் போருக்குக் கொடுத்ததுல பேர் போடாததும் நிறைய உண்டும்மா. பதக்கத்தை வெச்சு ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. காகிதம்தான் பேசும்." எந்தச் சண்டையில் போனார் என்று கேட்டார். சண்டை தெரியாது, தேதி தெரியும் என்று நான் அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தேன். லேமினேட் பண்ணி வைத்திருந்தேன்.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். ஓரத்தில் இருந்த பென்சில் எழுத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இதுல செத்தார்னு எங்கம்மா இருக்கு?"

"பேரை எடுத்துட்டாங்களே சார்."

"எடுப்போம்மா. ஆள் வேற யூனிட்டுக்குப் போனா எடுப்போம். லீவு முடிஞ்சு வரலைன்னா எடுப்போம். உடம்பு சரியில்லாம ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாலும் எடுப்போம். செத்தா அதுக்குத் தனியா எழுதுவோம், எப்படிச் செத்தார், எங்கே பொதைச்சது எல்லாம் இருக்கும்." பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்தார். "இது ஆஸ்பத்திரியோட நம்பர். அந்த மழைக்காலத்துல அங்கே பாதிப் பேருக்கு மலேரியா. ஜுரம்னு அனுப்பியிருப்பாங்க. சம்பளக் கணக்கு மாறுதுன்னு வீட்டுக்கும் ஒரு நகல் போட்டிருப்பாங்க."

நான் நின்றுகொண்டிருந்தேன். உள்ளறையில் அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். என் முதல் எண்ணம் என்ன தெரியுமா? அவர் எழுந்துவிடக் கூடாது என்பதுதான்.

சுபேதாரே பட்டாளத்தின் ஆவண அலுவலகத்துக்கு மனு எழுதிக் கொடுத்தார். தாத்தாவின் எண் இருந்ததால் தேட முடியும் என்றார். அப்பாவிடம் பென்ஷன் விஷயம் என்று ஏதோ சொல்லி, வாரிசு என்ற இடத்தில் கையெழுத்து வாங்கினேன். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கிடைக்காது என்று நான் விட்டுவிட்ட பிறகு, அடுத்த ஆடி மாதத்தில் ஒரு கனத்த உறை வந்தது. சுபேதார் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு நகலாகப் பரப்பி, எனக்கு வரிவரியாகச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்ந்தது. மூன்று மாதத்தில் குணமாகி வெளியே வந்தது. பின்னால் ஒரு டிப்போவில் லாரி ஓட்டியது. போர் முடிந்து, நன்னடத்தை என்று எழுதி விடுவித்தது. விடுவித்த தாளில் சொந்த ஊர் விலாசத்தை ஒரு கோடு போட்டு அடித்திருந்தார்கள். அதற்குப் பதிலாக வேறு ஊர் எதுவும் எழுதவில்லை.

கடைசியாக ஒரு தாள். பதக்கங்கள் கொடுத்ததற்கான ரசீது. விடுவித்துச் சில வருஷம் கழித்த தேதி. மூன்று பதக்கத்தின் பெயரும் எழுதி, நேரில் பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் தமிழில் ஒரு கையெழுத்து.

"இவரே வந்து வாங்கியிருக்காரும்மா" என்றார் சுபேதார்.

"அப்ப எங்க வீட்டுக்கு வந்த பார்சல்?"

"ஒரு தடவை கையில கொடுத்துக் கையெழுத்து வாங்கினதைத் திரும்ப நாங்க அனுப்ப வழியே இல்ல. வாங்கினவர்தான் அனுப்பியிருக்கணும்."

அவர் தாள்களை அடுக்கி உறைக்குள் வைத்தார். "அப்பாகிட்ட சொல்லணுமான்னு யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணி தசமிக்கு இருபது நாள் இருந்தது. அப்பாவுக்கு எண்பத்தைந்து வயது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, அவர் நிம்மதியாகப் போய்ச் சேருவார் என்று ஒருநாள் தோன்றும். உயிரோடு இருந்த மனிதருக்கு, இருபது வயதில் நான் சொன்ன ஒரு பேச்சை வைத்துக்கொண்டு எள்ளும் தண்ணியும் விட வைத்திருக்கிறேனே என்று அடுத்த நாள் என்னையே திட்டிக்கொள்வேன். தாத்தாவின் பிறந்த வருஷம் பதிவேட்டில் இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்பா முதல் திதி கொடுத்தபோது அவர் எழுபதைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். எங்கோ ஓர் ஊரில் சாப்பிட்டுக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு இருந்திருக்கலாம். வேறு குடும்பமும் இருந்திருக்கலாம். அதெல்லாம் எந்தக் காகிதத்திலும் இல்லை.

தசமிக்கு முந்தின நாள் காலையில் அப்பா வழக்கம்போல் லிஸ்ட் சொன்னார். "வாழைக்காய் ரெண்டு, எள்ளு, பச்சரிசி, தர்ப்பை அவரே வெச்சிருப்பார்..." நான் எழுதிக்கொண்டே வந்தவள் பேனாவை வைத்துவிட்டேன். உறையை எடுத்துவந்து அவர் மடியில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். நான் படித்தது தப்பு என்றுதான் ஆரம்பித்தேன். அதை மட்டும் மூன்று தடவை சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அப்பா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "கையெழுத்தைக் காட்டு" என்றார். ரசீதை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடியையும் வைத்துப் பார்த்தார். விரலால் அந்த எழுத்துகளின் மேல் ஒவ்வொன்றாக ஓட்டினார்.

"பார்சல் மேல விலாசம் தமிழ்லதான் இருந்துச்சு" என்றார். "சர்க்கார் தபால்னா இங்கிலீஷ்ல டைப் அடிச்சில்ல வரும்? எனக்கு அப்பத் தோணல. அம்மா பேருக்கு வந்திருந்துச்சு. கடிதாசி நின்னு போனதுக்கப்புறம் அவ பேருக்குத் தபாலே வந்ததில்ல. நான்தான் படிச்சேன். இன்னொரு தடவ படின்னா. படிச்சேன். அப்புறம் பார்சல் மேல சுத்தியிருந்த அந்தக் காகிதத்தை வாங்கி அடுப்புல போட்டுட்டா."

உறையை அவர் மடியிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தேன்.

"அதுக்கு முன்னாடி அவ விசேஷ வீட்டுக்கே போக மாட்டா பாப்பா. எப்பவாவது போனாலும் தட்டு வந்தா எந்திரிச்சுப் பின்னாடி போயிடுவா. பார்சல் வந்ததுக்கு அப்புறம்தான் தானே கை நீட்டி எடுக்க ஆரம்பிச்சா. ஊரெல்லாம் செத்துட்டான்னு சொல்லுச்சு, இவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னு பேசுனாங்க. நானே அப்படித்தான் நெனச்சேன்."

எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு அது யார் எழுத்து என்று எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தெரிந்திருக்கிறது. அந்தப் பதக்கங்களுக்கு எங்கள் வீட்டிலேயே சரியாக அர்த்தம் தெரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். இருக்கிறார், வர மாட்டார். இரண்டையும் அவள் புரிந்துகொண்டாள். முதல் பாதியை நெற்றியில் வைத்துக்கொண்டாள். இரண்டாம் பாதியைத் தன் பிள்ளைக்குத் தெரியக் கூடாதென்று அடுப்பில் போட்டாள். நம்மை வேண்டாமென்று போன அப்பனைவிடச் சண்டையில் செத்த அப்பன் இருக்கட்டும் என்று நினைத்திருப்பாள். அவள் காப்பாற்றியதை நாற்பது வருஷம் நானும் என் இங்கிலீஷும் சேர்ந்து வேறு மாதிரி ஆக்கினோம். இப்போது உண்மை என்ற பெயரில் நானே உடைத்தும் விட்டேன். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றிய அளவுக்கு வேறு யாரிடமும் எனக்குத் தோன்றியதில்லை.

அப்பா போட்டோவை இறக்கித் தரச் சொன்னார். ஸ்டூல் ஏற அவரால் முடியாது. விபூதியைத் துணியால் துடைத்தார். சாமி மாடத்திலிருந்து குங்குமச்சிமிழை எடுத்துவரச் சொன்னார். விரல் நடுங்கியதால் பொட்டு கொஞ்சம் பெரிதாக, கோணலாக விழுந்தது. சரி செய்யட்டுமா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார்.

மறுநாள் தசமி. விடிவதற்கு முன்னாலேயே அப்பா குளித்துவிட்டு, வேட்டி மாற்றிக்கொண்டு, கூடத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தார். பழக்கம். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "இன்னிக்கு எங்கேயும் போக வேண்டியதில்லல்ல?" என்றார். இல்லைப்பா என்றேன். சரி என்று காபி கேட்டார். திதி நாளில் காரியம் முடியும் வரை பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாத மனிதர். காபியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் குடிக்காமலே இருந்தார். அந்த வருஷம் மகாளய அமாவாசைக்கும் அவர் போகவில்லை. அவர் அப்பா எப்போது செத்தார் என்பது இனி யாருக்கும் தெரியாது என்பதை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று நினைக்கிறேன். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த வருஷம் சித்திரையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் போன நேரத்தை நிமிஷம் உட்பட டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடுத்த சித்திரைக்கு என் மகன் வந்து திதி கொடுப்பான்.

இரண்டு நாளைக்கு முன்னால் காலையில் காலண்டர் தாளைக் கிழித்தேன். வீட்டில் எல்லாருக்கும் சளி, இரண்டு மூன்று நாளாக யாரும் கிழிக்கவில்லை. சேர்த்துக் கிழித்த தாள்களைக் கசக்கிப் போடும்போது ஒன்றில் கண் பட்டது. ஆவணி, தேய்பிறை, தசமி. முந்தின நாள் அது. நாற்பது வருஷம் அந்த நாளில் எங்கள் வீட்டில் வெங்காயம் நறுக்கியதில்லை. அன்றைக்கு நான் எந்த நினைப்பும் இல்லாமல் முட்டைக் குழம்பு வைத்திருந்தேன். எல்லாரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிச் சாப்பிட்டார்கள்.